பொம்மை ரயில் ரிமோட் தேய்ந்துவிட்டது: சரிசெய்வதா, வேறு வாங்குவதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மாமா, ஒரு பெட்டி நிறைய லயனல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பொம்மை ரயில் செட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று கம்பித் தண்டவாளம், கனமான இன்ஜின், கையில் பிடிக்கும் ரிமோட் ஒன்று. ரிமோட்டில் நான்கு ஏஏ பேட்டரி, பெரிய சிவப்புக் குமிழ், இழுத்து நீட்டும் ஆண்டெனா. விசில் பட்டனை நகத்தால் குத்தினால்தான் கேட்கிறது. குமிழைத் திருப்பினால் வேகம் தாவுகிறது, சில நேரம் கூடுவதற்குப் பதில் குறைகிறது. ஹாலில் ஜன்னல் பக்கம் போனால் ரயில் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. ஊரில் கேட்ட கடைகளில் "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்" என்றார்களாம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குள் ஓட வைக்க முடியுமா, புது ரிமோட் வாங்கினால் பொருந்துமா என்பது கேள்வி.

தம்பி ரிமோட்டைப் பற்றித்தான் கேட்கிறார். ஆனால் அவர் சொல்வதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. பட்டன் ஒன்று, குமிழ் ஒன்று. இரண்டும் ரிமோட்டுக்குள் இருப்பவை. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ரயில் கேட்காமல் போவது. அது ரிமோட்டின் குற்றமாக இருக்க வாய்ப்புக் குறைவு. மூன்றையும் சேர்த்து "ரிமோட் போச்சு" என்று முடிவு கட்டினால், புது ரிமோட் வாங்கிய பிறகும் ஜன்னல் பக்கம் ரயில் நிற்கத்தான் செய்யும்.

நான் பீடோர் பக்கம் கடை வைத்து ரேடியோ, டிவி, அப்புறம் கரவோக்கே ஆம்ப்ளிஃபயர், ஆட்டோகேட் ரிமோட் என்று பார்த்து வந்தவன். பொம்மை ரயில் என் தொழில் இல்லை, பொழுதுபோக்கு. ரிமோட்டுகளோடு பழகிய பழக்கம் என்றால் நிறைய உண்டு. ஆட்டோகேட் ரிமோட்டோ ரயில் ரிமோட்டோ, தேய்வது இரண்டே இடங்களில்தான்: கை படும் இடம், உலோகம் உரசும் இடம். உள்ளே இருக்கும் சில்லு தேயாது. கடைக்காரர்கள் கையை விரிப்பது அந்தச் சில்லுக்கு மாற்று கிடைக்காதே என்ற பயத்தில். சில்லு வரை போகவேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது லயனலின் கேப்-1 என்ற ரிமோட். 1990களின் நடுவில் வந்த ட்ரெயின்மாஸ்டர் முறையைச் சேர்ந்தது. அந்த முறை உருவானதில் பாடகர் நீல் யங்குக்கும் பங்கு உண்டு. பெருமூளை வாதம் உள்ள தன் மகனும் ரயிலை ஓட்டவேண்டும் என்று அவர் ஆரம்பித்த வேலைதான் அதற்கு ஒரு தூண்டுதல். சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது அது எப்படி வேலை செய்கிறது என்பது. பட்டனை அழுத்தினால் ரிமோட் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ அலையாகக் கட்டளையை அனுப்புகிறது. அதை வாங்குவது ரயில் இல்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்குமே, 'கமாண்ட் பேஸ்' என்பார்கள், அதுதான் வாங்குகிறது. அந்தப் பெட்டி, கட்டளையை 455 கிலோஹெர்ட்ஸ் சிக்னலாக மாற்றி, ஒரே ஒரு வயர் வழியாகத் தண்டவாளத்தின் வெளிக்கம்பியில் ஏற்றுகிறது. இன்ஜினுக்குள் இருக்கும் ஆண்டெனா அதைப் பிடித்துக்கொள்கிறது. பழைய ரேடியோ பார்த்தவர்களுக்கு 455 என்ற எண் நன்றாகப் பழக்கம். மீடியம் வேவ் ரேடியோவின் இடைநிலை அலைவரிசையும் அதேதான்.

ஆக, ரிமோட்டைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. புது ஆல்கலைன் பேட்டரி நான்கு போடுங்கள். பேஸ் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு, ரிமோட்டில் எண் பட்டன்களையும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். கட்டளை வந்து சேரும்போதெல்லாம் பேஸில் உள்ள விளக்கு மினுக்கும். எந்தப் பட்டனுக்கு மினுக்குகிறது, எதற்கு மினுக்கவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு மினுக்கியும் இன்ஜின் அசையவில்லை என்றால் ரிமோட் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு அதற்கு அப்பால். எந்தப் பட்டனுக்கும் மினுக்கவே இல்லை என்றால் பேட்டரி, ஆண்டெனா, அல்லது ரிமோட்டின் ஒலிபரப்புப் பகுதி. சில பட்டனுக்கு மட்டும் மினுக்கவில்லை என்றால் ரப்பர் விசைப்பலகை. இந்த ஒரு தாள், பாதி வேலையைக் குறைத்துவிடும்.

பேட்டரி விஷயத்தில் கவனம். பாசார் மாலாமில் கட்டுக்கட்டாக விற்கும் மலிவான கார்பன் பேட்டரி வேண்டாம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரியும் சோதனைக்கு வேண்டாம். அது ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், நான்கும் சேர்ந்து 4.8. ஆல்கலைன் என்றால் புதிதாக இருக்கும்போது 6 வோல்ட்டுக்குச் சற்று மேலே வரும். மல்டிமீட்டர் இருந்தால் பட்டனை அழுத்திக்கொண்டே அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, அழுத்தும்போது சரிந்தால், பேட்டரி பலவீனமாக இருக்கும், இல்லையென்றால் ஸ்பிரிங்கில் துரு.

துரு என்றதும் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்துப் பக்கம் வீடு என்றால் காலைப் பனி, மத்தியான வெயில், சாயங்கால மழை, மூன்றும் ஒரே நாளில் வந்துபோகும். அலமாரியில் வருஷக்கணக்கில் பேட்டரியோடு கிடந்த ரிமோட்டில் வெள்ளைப் பொடியோ பச்சைப் பூச்சோ இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். காட்டன் பட்ஸில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் நுரைத்து இளகும். எலுமிச்சைச் சாறும் ஆகும், ஆனால் அதை விட்டுவைத்தால் பிசுபிசுக்கும். பிறகு சுத்தமான தண்ணீர் தொட்ட துணி, கடைசியாக ஆல்கஹால். சர்க்யூட் பலகையின் மேல் வினிகரை ஊற்றிவிடக் கூடாது. ஸ்பிரிங்கின் முலாம் போய் இரும்பு தெரிந்தால் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்து, அதன்மேல் சால்டரிங் ஈயம் பூசிவிடலாம். பேட்டரிப் பெட்டியிலிருந்து பலகைக்குப் போகும் வயரையும் பாருங்கள். வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு கறுத்துப் பொடிந்திருக்கும். அப்படி இருந்தால் வயரையே மாற்றுங்கள், சில அங்குல வயர்தானே.

இப்போது பட்டன். ரிமோட்டின் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி மெதுவாகப் பிரித்தால் உள்ளே சிலிகான் ரப்பர் விரிப்பு ஒன்று இருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு. பட்டனை அழுத்தினால் அந்தப் பொட்டு பலகையில் உள்ள இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கிறது. அவ்வளவுதான் பட்டன். பழசானால் மூன்று விஷயம் நடக்கும். ரப்பரிலிருந்து எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு வெளியே வந்து இடையில் படியும். கை வியர்வையும் தூசும் சேரும். கார்பன் பொட்டே தேய்ந்து அதன் மின்தடை ஏறும். முதல் இரண்டும் என்றால் சுத்தம் செய்தாலே போதும். நகத்தால் குத்தினால் கேட்கிறது என்கிறீர்கள். அழுத்தம் கூடும்போது இணைகிறது என்றால் பொட்டில் இன்னும் உயிர் இருக்கிறது. ஆகவே உங்கள் விசில் பட்டன் பிசுக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். திறந்து பார்க்காமல் அதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன்.

சுத்தம் செய்யும் முறை எளிது. ரப்பர் விரிப்பைத் தனியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப் ஒரு சொட்டு விட்டு, விரலால் மெதுவாகக் கழுவி, நிழலில் நன்றாகக் காய வையுங்கள். பலகைத் தடங்களை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காட்டன் பட்ஸால் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 சதவீதம். அதில் தண்ணீர் கலந்திருப்பதால் காய நேரம் கொடுக்கவேண்டும். ஆன்லைனில் 99 சதவீதம் கிடைக்கிறது, சில வெள்ளிதான். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் எதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது. தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பெட்ரோல் சிலிகானை உப்ப வைக்கும். உப்புத்தாளும் வேண்டாம். பலகைத் தடத்தின் மேல் இருப்பது மெல்லிய பூச்சு. அது போனால் அடியில் உள்ள செம்பு நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே கறுத்துவிடும், பிறகு முன்னைவிட மோசமாகும்.

கழுவியும் சரிவரவில்லை என்றால் பொட்டை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை ஓம்மில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒரே பொட்டின் மேல் அழுத்தாமல் தொட்டுப் பார்க்கவேண்டும். நன்றாக இருக்கும் பொட்டு பொதுவாகச் சில நூறு ஓம்முக்குள் காட்டும். பல ஆயிரம் ஓம் காட்டினால் தேய்ந்துவிட்டது. அடிக்கடி அழுத்தாத பட்டன் ஒன்றின் பொட்டையும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தேய்ந்த பொட்டுக்கு மருந்து இரண்டு. ஒன்று, ரிமோட் பட்டன்களுக்கென்றே விற்கும் கார்பன் பூச்சு. மெல்லிசாகப் பூசி ஒரு நாள் காய விடவேண்டும். இன்னொன்று எனக்குப் பிடித்தது. வீட்டில் செத்துப்போன அஸ்ட்ரோ ரிமோட் ஒன்று எங்காவது கிடக்கும் அல்லவா? அதில் யாரும் தொடாத பட்டன்கள் நிறைய இருக்கும். அந்தப் பொட்டைக் கூரிய கத்தியால் மெல்லிய தகடாக அரிந்தெடுத்து, தேய்ந்த பொட்டின் மேல் சிலிகான் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் குளூ சிலிகானில் ஒழுங்காகப் பிடிக்காது, காய்ந்தால் கல்லாகிவிடும், அதன் ஆவி பக்கத்தில் உள்ள தடங்களில் வெள்ளையாகப் படியும். தகடு தடிமனாக இருந்தால் பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருக்கும், அதனால் எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசு. அலுமினியத் தாளை வெட்டி ஒட்டச் சொல்கிறவர்கள் உண்டு. தீபாவளி வரை தாங்கும். அப்புறம் உரிந்து உள்ளே எங்காவது விழுந்து இரண்டு தடங்களை இணைத்துவிடும். பென்சில் கரியைத் தேய்ப்பதும் அப்படித்தான், கோளாறு இதுதானா என்று கண்டுபிடிக்கும் சோதனையாக மட்டும் அதைச் செய்யலாம்.

குமிழ் கொஞ்சம் நுணுக்கமான விஷயம். ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழ் ஒரு எல்லையில் நின்றுவிடும். அது மாறு மின்தடை. உங்கள் சிவப்புக் குமிழ் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகும். அப்படிச் சுற்றுவது என்கோடர் என்ற பாகம். சுற்றும்போது இரண்டு கம்பிகளில் அடுத்தடுத்து 'உண்டு, இல்லை' என்று துடிப்பு வரும். எந்தக் கம்பியில் முதலில் வருகிறது என்பதை வைத்துத்தான் நீங்கள் வலப்பக்கம் திருப்பினீர்களா இடப்பக்கமா என்று சில்லு தெரிந்துகொள்கிறது. ஒரு கம்பியின் தொடுமுனை அழுக்கானால் துடிப்பு தவறும். துடிப்பு தவறினால் திசை குழம்பும். வேகம் கூட்டத் திருப்பினால் குறைவது இதனால்தான். உங்கள் மூன்று புகார்களில் இந்த ஒன்றைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை: என்கோடரிலிருந்து வரும் துடிப்பு கெட்டுப்போயிருக்கிறது.

என்ன காரணத்தால் கெட்டது என்பது திறந்தால்தான் தெரியும். என்கோடரில் இரண்டு வகை உண்டு. உலோகத் தொடுமுனை உரசும் வகை. துளையிட்ட சக்கரம் ஒளியை மறைத்து மறைத்து விடும் வகை. சக்கரமும் இரு பக்கமும் சிறு கறுப்புக் கண்களும் தெரிந்தால் ஒளி வகை. அதில் தூசோ சிலந்தி நூலோ எறும்போ இருந்தால் மென்மையான தூரிகையால் துடைத்து, காற்றை ஊதினால் வேலை முடிந்தது. எறும்பைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் ரிமோட்டுக்குள் எறும்புக் கூடு, பல்லி முட்டை இரண்டையும் நான் எடுத்திருக்கிறேன். அவற்றை விரட்டப் பூச்சி மருந்தை உள்ளே அடித்துவிடாதீர்கள், அந்தக் கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

மூடிய சிறு உலோகப் பெட்டியாக இருந்தால் உரசும் வகை. காண்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி, அச்சு உள்ளே நுழையும் இடுக்கில் ஒரே ஒரு சிறு பீச்சு. பிறகு இரண்டு பக்கமும் நன்றாகச் சுழற்றுங்கள், கை வலிக்கும் வரை. காய விட்டுப் பேட்டரி போடுங்கள். ஹார்ட்வேர் கடையில் எல்லாவற்றுக்கும் தரும் சாதாரண டபிள்யூடி-40ஐ இதற்கு அடிக்க வேண்டாம். முதல் நாள் பிரமாதமாக இருக்கும், பிறகு எண்ணெய்ப் படலம் தூசை இழுத்து வைத்துக்கொள்ளும். அதே பெயரில் காண்டாக்ட் கிளீனர் தனியாக வருகிறது, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். சுத்தம் செய்தும் துடிப்பு தவறினால் என்கோடரையே மாற்றவேண்டும். கால்களின் இடைவெளி, அச்சின் நீளமும் வடிவமும், ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு, மூன்றும் ஒத்துப்போகவேண்டும். துடிப்பு எண்ணிக்கை மாறினாலும் ரயில் ஓடும், ஆனால் குமிழின் குணம் மாறிவிடும். இந்த முறையில் வேகம் 32 படிகள், கொஞ்சம் திருப்பினாலே பாய்கிற மாதிரி ஆகிவிடக்கூடும். இந்த மாதிரிப் பாகங்களுக்கு ஈப்போவில் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் கோலாலம்பூரில் ஜாலான் பாசார். பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். போட்டோவைக் காட்டி வாங்கினால் கால் இடைவெளி ஒத்துவராமல் மறுபடி பஸ் ஏறவேண்டியிருக்கும்.

திறந்த கையோடு ஆண்டெனாவையும் பார்த்துவிடுங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதற்குக் கால் பாகம் என்றாலே 2.8 மீட்டர் ஆண்டெனா வேண்டும், ரிமோட்டில் இருப்பதோ ஒரு சிறு குச்சி. ஏற்கெனவே குறைந்த பலத்தில் ஓடும் ஒலிபரப்பு அது. அந்தக் குச்சியின் அடித்திருகாணி தளர்ந்திருந்தாலோ, பலகையில் ஈயம் விட்ட இடம் விரிந்திருந்தாலோ தூரம் சட்டென்று சுருங்கிவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஈயத்தைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு கீறல் தெரியும். 60/40 சால்டரிங் ஈயமும் சூடான சால்டரிங் இரும்பும் இருந்தால் இரண்டு மூன்று விநாடி வேலை. குச்சி ஒடிந்திருந்தால் பழைய ரேடியோவின் ஆண்டெனாவை அதே நீளத்துக்குப் பொருத்தலாம். ரிமோட் கீழே விழுந்த பிறகு மொத்தமாகச் செத்துப்போயிருந்தால் மட்டும் அலைவரிசையை நிலையாக வைத்திருக்கும் குவார்ட்ஸ் படிகத்தைச் சந்தேகப்படுங்கள். அது உள்ளே விரிசல் விடக்கூடியது. உங்களுடையது சில பட்டன்களுக்காவது கேட்கிறது என்பதால் படிகம் நன்றாக இருக்கிறது.

ரிமோட் அலை அனுப்புகிறதா என்று தனியாகப் பார்க்கவும் வழி உண்டு. டிவி ரிமோட்டைப் போல கைபேசிக் கேமராவில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அந்த வித்தை அகச்சிவப்பு ரிமோட்டுக்கு மட்டும். தாத்தா காலத்து ஷார்ட் வேவ் ரேடியோ 30 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் ரகமாக இருந்தால், 27 பக்கம் திருப்பி வைத்துப் பட்டனை அழுத்துங்கள். கரகரப்பு மாறுவது கேட்கும்.

இனி ஜன்னல் பக்கம். உங்கள் கேள்வியில் கடைக்காரர்கள் யாரும் தொடாத பகுதி இது, எனக்கு அதிகம் சொல்ல இருப்பதும் இதில்தான். பேஸ் பெட்டி தண்டவாளத்தில் ஏற்றும் சிக்னலுக்கு ஒரு வயர் மட்டும் என்றேன். மின்சாரத்துக்குப் போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி வேண்டுமே, இன்னொரு பாதி எங்கே? வீட்டின் எர்த் வயர்தான் அது. பேஸோடு வந்த அமெரிக்க அடாப்டருக்கு மூன்று முள் இருக்கும். மூன்றாவது முள் வழியாகப் பேஸ் வீட்டின் எர்த்தைப் பிடித்துக்கொள்கிறது. தண்டவாளத்துக்கும் சுவரில் ஓடும் எர்த்துக்கும் இடையில் உருவாகும் சிக்னலைத்தான் இன்ஜினின் ஆண்டெனா பிடிக்கிறது. எர்த் இல்லை என்றால் சிக்னல் வலுவிழக்கும். ஒரு பக்கம் கேட்கும், இன்னொரு பக்கம் கேட்காது. உங்கள் புகார் அப்படியே இதன் அடையாளம்.

மலேசியாவில் இந்த எர்த் எங்கே தொலைகிறது? அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230, 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் மின்னழுத்தம் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் வைத்திருப்பீர்கள். மலிவானவற்றில் வெளிவரும் சாக்கெட்டில் இரண்டு துளைதான் இருக்கும். மூன்று முள்ளை நுழைக்க ஒரு மாற்றி போடுவார்கள், அல்லது மூன்றாவது முள்ளையே வெட்டிவிடுவார்கள். அத்தோடு எர்த் போச்சு. அமெரிக்க அடாப்டர் எரிந்துபோனதால் நம்மூர் அடாப்டர் ஒன்றை மாற்றியிருந்தாலும் இதே கதிதான். வோல்ட் சரியாக இருக்கும், எர்த் இருக்காது. பழைய தோட்டத்து வீடாக இருந்தால், வீட்டு எர்த்தே துருப்பிடித்து அறுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். மேலே துணி போட்டு மூடாதீர்கள், ஓட்டாத நேரத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

ஹார்ட்வேர் கடையில் மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் கிடைக்கும். எர்த் வயர் இணைந்திருக்கிறதா என்று அது சொல்லும், அந்த எர்த் எவ்வளவு நல்லது என்று சொல்லாது. சாக்கெட்டில் எர்த்தே இல்லை என்று காட்டினால் ரயிலை மறந்துவிட்டு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள், அது உயிர் விஷயம். சாக்கெட் நன்றாக இருந்து, இடையில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் அறுகிறது என்றால், மூன்று துளை உள்ள, எர்த் நேராகப் போகும் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறுங்கள். அடாப்டரை மாற்றியவர்கள் பேஸின் பின்னால் உள்ள 9 முள் போர்ட்டின் 5ஆம் முள்ளிலிருந்து வீட்டு எர்த்துக்குத் தனி வயர் இழுப்பது வழக்கம். அதையும் வயர்மேன் கையாலேயே செய்யுங்கள். எர்த் என்று நினைத்து வேறு கம்பியில் சொருகினால் விளையாட்டு வினையாகிவிடும். நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சந்தேகத்துக்கு ஒரு சின்னச் சோதனை. கையடக்க மீடியம் வேவ் ரேடியோவை அளவின் கீழ்க்கோடியில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, தண்டவாளத்துக்கு மேல் மெதுவாக நகர்த்துங்கள். பேஸ் ஓடும்போது ஒரு இரைச்சல் கேட்கும். ஜன்னல் பக்கம் போகும்போது அது மங்கினால் கோளாறு தண்டவாளச் சிக்னலில். இரைச்சல் எங்கும் சீராக இருந்தால், அந்த இடத்தில் தண்டவாளத் துண்டுகளின் இணைப்பு ஊசிகள் தளர்ந்து கரண்டே குறைகிறதா என்று பாருங்கள். இன்ஜினின் அடியில் ஓட்டம் (ரன்), நிரல் (புரோகிராம்) என்று இரண்டு நிலை உள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். பிள்ளைகள் அதைத் தள்ளிவிட்டு நிரல் நிலையில் இருந்தாலும் இன்ஜின் கட்டளையைக் கேட்காது. ஓட்ட நிலைக்குத் தள்ளி, ரிமோட்டில் அந்த இன்ஜினின் எண்ணை அழுத்திக் கூப்பிட்டுப் பாருங்கள். யாரும் மாற்றாத இன்ஜின் என்றால் எண் 1.

புது ரிமோட் வாங்கினால் பொருந்துமா? பார்த்து வாங்கவேண்டும். பின்னாளில் வந்த கேப்-1எல் பெயரில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. உங்கள் பழைய பேஸுக்கு அது புரியாது, அதற்கென்று வேறு பேஸ் வேண்டும். ஆகவே வாங்கினால் பழைய கேப்-1ஐயே பழைய பொருள் விற்பவர்களிடம் தேடவேண்டும். அதுவும் உங்களுடையதைப் போலவே வயதானதாகத்தான் வரும், வந்ததும் இதே சுத்தம் செய்யவேண்டியிருக்கும். அதனால்தான் கையில் இருப்பதை முதலில் சரிசெய்யச் சொல்கிறேன்.

ரிமோட் உண்மையிலேயே செத்துவிட்டது என்று தெரிந்தாலும் செட் வீணாகாது. நான் சொன்ன அந்த 9 முள் போர்ட், கணினிக்கான சீரியல் போர்ட். கட்டளை வடிவத்தை லயனலே வெளியிட்டிருக்கிறது: விநாடிக்கு 9600 பிட் வேகத்தில், கட்டளைக்கு மூன்று பைட், முதல் பைட் எப்போதும் பதினாறடிமான எண்ணில் எஃப்ஈ. வீட்டில் பொலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால், ஆர்டுயினோ மாதிரி ஒரு சிறு கணினிப் பலகையும், சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 மின்னழுத்தத்துக்கு மாற்றும் சில்லும் கொடுத்துப் பாருங்கள். கைபேசியிலிருந்தே விசில் அடிக்க வைத்துவிடுவார்கள். ஆர்டுயினோவை நேராக அந்தப் போர்ட்டில் சொருகக் கூடாது, மாற்றிச் சில்லு கட்டாயம்.

தீபாவளிக்குள் முடியுமா என்றால், பட்டன் கழுவலும் குமிழ் சுத்தமும் ஒரு சனிக்கிழமை வேலை, காய விடும் நேரத்தையும் சேர்த்து. எர்த் வேலைக்கு வயர்மேன் வரும் நாள்தான் கணக்கு. பண்டிகை நெருங்க நெருங்க அவர்களைப் பிடிப்பது கஷ்டம், ஆகவே அதை முதலில் சொல்லி வையுங்கள். என்கோடர் வாங்கவேண்டி வந்தால் மட்டும் தள்ளிப்போகலாம். அதுவரை வேகத்தைக் குமிழால் மாற்றாமல், மெதுவாகத் தொடங்கி 'பூஸ்ட்', 'பிரேக்' பட்டன்களால் சமாளிக்கலாம்.

பேஸ் விளக்குச் சோதனையில் எழுதிய தாள், திறந்த பலகையின் இரண்டு பக்கப் படம், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் சாக்கெட் படம், இந்த மூன்றையும் இங்கேயே போடுங்கள் தம்பி. என்கோடர் எந்த வகை, எர்த் எங்கே அறுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.